ஏ. எஸ். ஹோர்ன்பி: ஆங்கில வினைகளை மாணவருக்காக வகுத்த ஆசிரியர்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் பலரிடம் ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. பொருள் தெரியாத சொல் வந்தால் புரட்டிப் பார்ப்பார்கள். பொருள் கிடைத்ததும் மூடிவிடுவார்கள். ஆனால் கடிதமோ கட்டுரையோ எழுதும்போது பிழை வருவது பெரும்பாலும் பொருள் தெரியாத சொல்லில் அல்ல. பொருள் நன்றாகத் தெரிந்த வினைச்சொல்லிலேதான். ‘வோன்ட்’, ‘சஜெஸ்ட்’, ‘எக்ஸ்பிளெய்ன்’ போன்ற வினைகளின் பொருள் கீழ் வகுப்புகளிலேயே தெரிந்துவிடுகிறது. அவற்றுக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பது தரம் 11 வந்த பின்பும் பலருக்குத் தெளிவாவதில்லை.

இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே ஒரு மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ‘ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ என்னும் தடித்த அகராதியின் முற்பக்கத்தில் அவருடைய பெயரைக் காணலாம். அவர்தான் ஏ. எஸ். ஹோர்ன்பி. அந்த அகராதி ஒக்ஸ்போர்ட் நகரில் பேராசிரியர்கள் கூடியிருந்து உருவாக்கியது என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது உருவானது யப்பானில். அதன் வேர் ஆசிய மாணவர்கள் ஆங்கிலம் கற்ற வகுப்பறையிலே இருக்கிறது.

பிறப்பும் யப்பான் பயணமும்

அல்பேர்ட் சிட்னி ஹோர்ன்பி 1898 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10 ஆம் திகதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரிலே பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் ஆங்கிலம் பயின்று பட்டம் பெற்றார். 1924 இல் யப்பானுக்குச் சென்றார். அந்நாட்டின் தெற்கே உள்ள கியூஷு தீவில், ஒயிட்டா என்ற ஊரிலிருந்த உயர் வணிகக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகப் பணி ஏற்றார்.

அவரை அழைத்தது ஆங்கில இலக்கியம் கற்பிப்பதற்காக. வகுப்பினுள் சென்றதும் நிலைமை வேறாக இருந்தது. யப்பானியப் பாடசாலைகளில் அக்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த முறை, வாக்கியம் வாக்கியமாகத் தாய்மொழிக்கு மாற்றுவதாகும். ஆங்கிலப் பந்தி ஒன்றைத் தந்தால் அகராதியின் துணையோடு மாணவர்கள் பொருள் சொல்வார்கள். தாமாக நான்கு வரி எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். நம் நாட்டு மாணவருக்கும் இந்த அனுபவம் புதிதன்று. இலக்கியத்துக்கு முன் இவர்களுக்கு மொழி தேவை என்று ஹோர்ன்பி உணர்ந்தார். அன்று முதல் இலக்கியம் பின்னுக்குப் போனது. மொழி கற்பித்தலே அவர் தொழிலாயிற்று.

இதில் அவருக்கு வழிகாட்டியவர் ஹரோல்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர். பால்மர் 1922 இல் யப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராகச் சென்றவர். 1923 இல் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்வு நிறுவனம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்கள் எவை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பவற்றை இந்நிறுவனம் ஆராய்ந்து அறிக்கைகளாக வெளியிட்டது. ஒயிட்டாவில் இருந்தபடியே ஹோர்ன்பி இவ்வேலையில் பங்குகொள்ளத் தொடங்கினார். 1934 இல் டோக்கியோவுக்கே இடம் மாறினார். 1936 இல் பால்மர் இங்கிலாந்து திரும்பியபோது நிறுவனத்தின் சஞ்சிகையை நடத்தும் பொறுப்பும் ஆராய்ச்சியைத் தொடரும் பொறுப்பும் ஹோர்ன்பியிடம் வந்தன. 1937 இல் இருவர் பெயரிலும் ஆயிரம் சொல் ஆங்கிலம் பற்றிய நூலொன்றும் வெளிவந்தது.

வினை வாய்பாடுகள்

ஹோர்ன்பியின் பெயர் நிலைத்தது அவர் வகுத்த வினை வாய்பாடுகளினாலேயே. ஆகவே இப்பகுதியை மாணவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும்.

தமிழ் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, செயப்படுபொருள் குன்றா வினை என்று படித்திருக்கிறோம். ‘தூங்கினான்’ என்பதற்குச் செயப்படுபொருள் வேண்டாம். ‘உடைத்தான்’ என்றால் எதை என்ற கேள்வி எழும். ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவு உண்டு. பழைய ஆங்கில இலக்கண நூல்களும் சாதாரண அகராதிகளும் ஏறத்தாழ இந்த இரு பிரிவுகளோடு நின்றுவிட்டன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கு அது போதும்; மீதியைக் காது சொல்லிவிடும். வெளியிலிருந்து கற்பவனுக்கு அது போதாது.

ஏன் போதாது? பின்வரும் இரு வாக்கியங்களைத் தமிழில் பாருங்கள்.

எனக்குப் புத்தகத்தைத் தா.
எனக்குப் பாடத்தை விளக்கு.

இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை, அதை அடுத்து இரண்டாம் வேற்றுமைப் பெயர், இறுதியில் வினை. இப்போது இவற்றை ஆங்கிலமாக்குங்கள். ‘கிவ் மீ த புக்’ என்பது சரி. அதே அச்சில் ‘எக்ஸ்பிளெய்ன் மீ த லெசன்’ என்று எழுதினால் பிழை. ‘எக்ஸ்பிளெய்ன் த லெசன் டு மீ’ என்றுதான் எழுத வேண்டும். இரண்டும் செயப்படுபொருள் குன்றா வினைகளே. ஆயினும் ‘கிவ்’ ஏற்கும் அமைப்பை ‘எக்ஸ்பிளெய்ன்’ ஏற்காது. பொருளை எவ்வளவு ஆழமாக ஆராய்ந்தாலும் இந்த வேறுபாடு கிடைக்காது. அது அந்தந்த வினைக்குரிய பழக்கம்.

இன்னோர் உதாரணம். ஒருவன் என்னை வரும்படி விரும்பினால் ‘ஹி வோன்ட்ஸ் மீ டு கம்’ என்கிறோம். வரும்படி யோசனை சொன்னால்? ‘ஹி சஜெஸ்டட் மீ டு கம்’ என்று எழுதுவது நம் மாணவர்கள் மாத்திரமல்ல, உலகெங்கும் ஆங்கிலம் கற்பவர்கள் விடும் பிழை. ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ ஷுட் கம்’ என்று ‘தட்’ சேர்த்து எழுதினால்தான் சரியாகும். அவ்வாறே ‘ஷி வோன்ட்ஸ் டு ரீட்’ என்பது சரி. ‘ஷி என்ஜோய்ஸ் டு ரீட்’ என்பது பிழை. ‘ஷி என்ஜோய்ஸ் ரீடிங்’ என்பதே சரி.

பால்மர் இத்தகைய அமைப்புகளைத் திரட்டி 1938 இல் வெளியிட்ட நூலில் 27 வாய்பாடுகளைத் தந்திருந்தார். ஹோர்ன்பி அவற்றைத் திருத்தி ஒழுங்குபடுத்தி 25 ஆக்கினார். எழுவாய், வினை என்பவற்றோடு ஒரு பெயர் வருமா, இரண்டு பெயர்கள் வருமா, ‘டு’ சேர்ந்த வினை வருமா, ‘இங்’ விகுதி வருமா, ‘தட்’ தொடங்கும் வாக்கியம் வருமா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். ஆங்கிலத்தில் பல்லாயிரம் வினைகள் இருக்கின்றன. எல்லாம் இந்த இருபத்தைந்துக்குள் அடங்கின. அகராதியில் ஒவ்வொரு வினையின் அருகிலும் அது ஏற்கும் வாய்பாட்டின் எண்ணை அச்சிட்டால், மாணவன் பொருளையும் பயன்பாட்டையும் ஒரே இடத்தில் பெறலாம். இதுவே ஹோர்ன்பியின் திட்டம்.

கணிதத்தில் வாய்பாட்டை மனனம் செய்வதுபோல இந்த எண்களை மனனம் செய்ய வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. எண் என்பது அகராதியில் இடத்தை மிச்சப்படுத்தும் குறியீடு மாத்திரமே. ஆனால் புதிய வினை ஒன்றைக் கொப்பியில் எழுதும்போது தனிச்சொல்லாக எழுதாமல், அதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்து ஒரு சிறு வாக்கியமாக எழுதி வைப்பது பெரும் பயன் தரும். ‘சஜெஸ்ட் = ஆலோசனை கூறு’ என்று எழுதிவைத்த மாணவர் பரீட்சையில் பிழைவிடுவதையும், முழு வாக்கியமாக எழுதிவைத்தவர் தப்பிவிடுவதையும் ஒவ்வொரு வருடமும் காணலாம்.

இருபத்துநான்கு வடிவங்கள்

பால்மரும் ஹோர்ன்பியும் வலியுறுத்திய இன்னொரு விடயம் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபோடு நெருங்கிய தொடர்புடையது. ஆங்கில வினைகளில் 24 வடிவங்களை அவர்கள் தனியாகப் பிரித்தனர். ‘ஆம், இஸ், ஆர், வொஸ், வேர்’ என்ற ஐந்து. ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ என்ற மூன்று. ‘டூ, டஸ், டிட்’ என்ற மூன்று. ‘ஷல், ஷுட், வில், வுட், கேன், குட், மே, மைட்’ என்ற எட்டு. இவற்றோடு ‘மஸ்ட், ஓட், நீட், டெயார், யூஸ்ட்’ என்ற ஐந்து. கூட்டினால் 24 வரும்.

இவற்றுக்கு என்ன சிறப்பு? ‘நொட்’ என்ற எதிர்மறைச் சொல் நேராகச் சேர்வது இவற்றோடுதான். கேள்வி கேட்கும்போது எழுவாய்க்கு முன்னால் செல்வதும் இவைதான். ‘கோ’, ‘ஈட்’, ‘ரைட்’ போன்ற ஏனைய வினைகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே அவை ‘டூ, டஸ், டிட்’ என்ற மூன்றில் ஒன்றைத் துணைக்கு அழைக்கின்றன. ‘ஹி கோஸ்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘ஹி டஸ் நொட் கோ’ ஆகும். ‘கோஸ்’ இன் கடைசியில் இருந்த ‘ஸ்’ ஒலி எங்கே போயிற்று? ‘டஸ்’ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இதை விளங்கிக்கொண்டால் ‘ஹி டஸ் நொட் கோஸ்’ என்று எழுதமாட்டோம். ‘டிட்’ வரும்போதும் இதே கதைதான். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டபின் ‘ஹி டிட் நொட் வென்ட்’ என்று இரண்டாவது தடவை இறந்தகாலம் காட்ட வேண்டியதில்லை.

தமிழிலே ‘போகிறான், போகிறாள், போகிறார்கள், போகிறேன், போகிறாய்’ என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் வினைமுற்று மாறுகிறது. இவ்வளவு மாற்றங்களையும் பிழையின்றிக் கையாளும் மாணவர், ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு வரும் ஒரே ஒரு ‘ஸ்’ ஐ மறந்துவிடுகிறார். தமிழில் விகுதி இல்லாமல் வினைமுற்றே அமையாது என்பதால் காது உடனே தடுக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஸ்’ இல்லாவிட்டாலும் பொருள் விளங்கிவிடுகிறது. அதனால் விடுபட்டது தெரிவதில்லை.

இயைபுக்கு உதவும் இன்னொரு குறியீட்டையும் இவ்வகராதி தந்தது. எண்ணத்தக்க பெயர், எண்ணமுடியாத பெயர் என்ற வேறுபாட்டைப் பெயர்ச்சொல்லின் அருகிலேயே ஓர் எழுத்தால் காட்டியது. தமிழில் ‘தகவல்கள் கிடைத்தன’ என்கிறோம். அதே நினைப்பில் ‘இன்ஃபர்மேஷன்ஸ் ஆர்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’ எண்ணமுடியாத பெயர். ‘இஸ்’ என்ற ஒருமை வினையே அதற்கு வரும். ‘ஃபர்னிச்சர்’, ‘எட்வைஸ்’ என்பனவும் இப்படியே. பெயரின் தன்மை தெரியாமல் வினையின் இயைபைச் சரிசெய்ய முடியாது என்பதனால்தான் அகராதியில் இக்குறியீடு இடம்பெற்றது.

போர்க்காலத்தில் வெளிவந்த அகராதி

1930களின் பிற்பகுதியில் ஹோர்ன்பி அகராதி வேலையில் இறங்கினார். யப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஈ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்ட் என்ற இருவரும் அவருடன் இணைந்தனர். அக்காலத்தில் கணினி கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து, பொருளை எளிய ஆங்கிலத்தில் எழுதி, உதாரண வாக்கியம் சேர்த்து, வாய்பாட்டு எண்ணைக் குறித்து, அச்சுக்கு ஏற்ற கையெழுத்துப்படியாக்குவது பல வருட உழைப்பு.

ஆங்கிலம் கற்பவருக்கான முதல் ஆங்கில அகராதி இதுவன்று என்பதையும் சொல்ல வேண்டும். டாக்காவில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கல் வெஸ்ட், ஜே. ஜி. என்டிகொட் என்பவருடன் சேர்ந்து 1935 இல் ஓர் அகராதி வெளியிட்டிருந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே பொருள் எழுதியிருந்தார். ஆனால் அவ்வகராதி வாசிக்கும் மாணவருக்கு உதவியது. எழுதும் மாணவருக்கு உதவும் அகராதியை ஹோர்ன்பி குழுவினரே ஆக்கினர். வெஸ்ட் டாக்காவிலும், பால்மரும் ஹோர்ன்பியும் யப்பானிலும் என்று மூவருமே ஆசிய மாணவரிடம் படித்த பாடத்தை நூலாக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கையெழுத்துப்படி முடிந்தவேளை உலகம் போரில் இறங்கியிருந்தது. 1941 டிசெம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. யப்பானும் பிரித்தானியாவும் எதிரி நாடுகளாயின. யப்பானில் இருந்த ஏனைய பிரித்தானியரைப் போல ஹோர்ன்பியும் தடுத்து வைக்கப்பட்டார். பதினேழு வருடங்கள் அந்நாட்டு மாணவருக்குக் கற்பித்தவர் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார். ஆங்கிலமும் அங்கே எதிரியின் மொழியாயிற்று. பல வருட உழைப்பைக் கொண்ட அந்த அகராதி வெளிவரும் என்று யாரும் நம்புவதற்கு இடமிருக்கவில்லை.

ஆயினும் அது வெளிவந்தது. 1942 இல் டோக்கியோவின் கைட்டாக்குஷா பதிப்பகம் அதை அச்சிட்டு வெளியிட்டது. போர் மும்முரமாக நடந்த வேளையில், எதிரி நாட்டவர் மூவர் எதிரியின் மொழிக்குத் தொகுத்த அகராதியை ஒரு யப்பானியப் பதிப்பகம் வெளியிட்டது என்றால், அந்த நூல் மாணவருக்கு வேண்டும் என்று அங்கே சிலர் உறுதியாக எண்ணியிருக்க வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரைத் திகதிகளாகவும் உடன்படிக்கைகளாகவும் படிக்கிறோம். அதே போரின் நடுவே இப்படியும் ஒன்று நடந்திருக்கிறது.

அதே 1942 இல் இரு தரப்பினரும் தத்தம் நாட்டவரைப் பரிமாறிக்கொண்டபோது ஹோர்ன்பி விடுதலையாகி யப்பானை விட்டு வெளியேறினார்.

போருக்குப் பின்

யப்பானிலிருந்து வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்து ஈரானின் தலைநகரான தெஹ்ரானில் போர் முடியும்வரை பணியாற்றினார். 1945 இல் லண்டன் திரும்பினார். 1946 இல் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று ‘இங்கிலிஷ் லேங்குவேஜ் டீச்சிங்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியரானார்.

டோக்கியோவில் வந்த அகராதியை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1948 இல் மறுபதிப்புச் செய்தது. புதிதாக எழுத்துக் கோக்காமல், யப்பானில் அச்சான பக்கங்களையே படம்பிடித்து அச்சிட்டனர். 1952 இல் அதன் பெயரில் ‘அட்வான்ஸ்ட்’ என்ற சொல் சேர்ந்தது. இரண்டாம் பதிப்பு 1963 இலும் மூன்றாம் பதிப்பு 1974 இலும் வெளிவந்தன. 1950 இல் பிரிட்டிஷ் கவுன்சில் பதவியை விட்ட ஹோர்ன்பி, அதன் பின் முழுநேரமும் நூல்கள் எழுதுவதில் ஈடுபட்டார்.

அவற்றுள் 1954 இல் வந்த ஆங்கில வாய்பாடுகளும் வழக்கும் பற்றிய கைநூல் முக்கியமானது. அதன் முதற் பகுதி வினைகள் பற்றியது. அடுத்த பகுதி காலம் பற்றியது. இவ்விடத்தில் நம் மாணவர் சற்று நிற்க வேண்டும். கடிகாரம் காட்டும் காலத்துக்கும் வினை வடிவம் காட்டும் காலத்துக்கும் ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள் உண்டு: ‘டைம்’, ‘டென்ஸ்’. ஹோர்ன்பி அப்பகுதியின் தலைப்பிலேயே இவ்விரண்டையும் அருகருகே வைத்தார். தமிழில் இரண்டையும் ‘காலம்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். அதனால் இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் ஏற்படுகிறது.

அவை ஒன்றல்ல. ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமோரோ’ என்ற வாக்கியத்தில் வினை நிகழ்கால வடிவம். புகையிரதம் புறப்படுவதோ நாளை. தமிழிலும் ‘நாளைக்குக் கொழும்புக்குப் போகிறேன்’ என்று நிகழ்கால வினையால் எதிர்காலத்தைச் சொல்கிறோம் அல்லவா? ஆகவே இது நமக்குக் கடினமாக இருக்க நியாயமில்லை.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ‘நான் ஐந்து வருடமாக வவுனியாவில் இருக்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். இதை அப்படியே நினைத்து ‘ஐ ஆம் லிவிங் இன் வவுனியா ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால் புள்ளி போய்விடும். முன்பு தொடங்கி இன்றுவரை தொடரும் நிலையை ஆங்கிலம் ‘ஹேவ்’ சேர்த்தே சொல்லும்: ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் வவுனியா ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’. தமிழின் மூன்று காலங்களுக்குள் இதற்கெனத் தனி வினை வடிவம் இல்லை. அதனால் இதனை மொழிபெயர்த்துக் கற்க முடியாது. ஆங்கில வாக்கியமாகவே பழக வேண்டும்.

அதேபோல ‘நோ’, ‘பிலோங்’, ‘வோன்ட்’ போன்ற சில வினைகள் வழக்கமாகத் தொடர்நிலை வடிவத்தில் வருவதில்லை என்பதையும் ஹோர்ன்பி எடுத்துக்காட்டினார். அறிதல், உரியதாதல், விரும்புதல் என்பன தொடங்கி முடியும் செயல்கள் அல்ல, அவை நிலைகள். ஆதலால் ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்று எழுதுவது தவறு. வினையின் வகைக்கும் அது ஏற்கும் காலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

வகுப்பில் காலங்களைக் கற்பிக்கும்போது விளக்கம் மாத்திரம் போதாது என்பது ஹோர்ன்பியின் கொள்கை. ஒரு நிலைமையைக் கண்முன் உண்டாக்கி அதன் மூலம் கற்பிக்க வேண்டும் என்றார். ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு. திறந்து முடித்து, கதவு திறந்திருப்பதைக் காட்டிச் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு. பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் வேறுபாடு தெரிந்துவிடும். இம்முறையில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகக் கற்பிப்பதற்கு ஆசிரியர்களுக்கான நூலொன்றை 1959 முதல் 1966 வரை நான்கு பகுதிகளாக எழுதினார். பலகையில் சூத்திரம் எழுதிக் கொப்பியில் பிரதி பண்ண வைக்கும் ஆசிரியர்களுக்கு இன்றும் இது உறைக்கக்கூடிய செய்தி. நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவது இலகுவன்று என்பதும் உண்மையே.

இறுதிக் காலம்

அகராதி உலகெங்கும் விற்பனையானது. அதனால் கிடைத்த வருமானத்தின் பெரும்பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், 1961 இல் ஹோர்ன்பி தம் பெயரில் ஒரு கல்வி நிதியத்தை நிறுவினார். பிற நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பிரித்தானியாவுக்கு வந்து மேற்படிப்புப் படிக்கப் புலமைப்பரிசில் வழங்குவது அதன் முக்கிய பணிகளுள் ஒன்று. யப்பானிய மாணவரிடமிருந்து தொடங்கிய உழைப்பின் பயன், வேறு பல நாடுகளின் மாணவரை அவர்களுடைய ஆசிரியர்கள் வழியாகச் சென்றடைந்தது.

எழுபது வயதைத் தாண்டிய பின்பும் தம் வாய்பாடுகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதற் பதிப்பில் செயப்படுபொருள் ஏற்கும் வினைக்கே முதலாம் எண் தரப்பட்டிருந்தது. 1974 ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த வரிசையை மாற்றி, ‘பீ’ என்னும் வினையை முதலாவதாக வைத்தார். முப்பது வருடங்களுக்கு மேலாக உலகம் பயன்படுத்திய பட்டியலைத் தாமே கலைத்து மீண்டும் அடுக்கினார்.

1978 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 13 ஆம் திகதி ஹோர்ன்பி காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவருக்குப் பின் அகராதியின் நான்காம் பதிப்பு ஏ. பி. கவி என்பவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1989 இல் வந்தது. அதில் எண்கள் நீங்கி எழுத்துக் குறியீடுகள் இடம்பெற்றன. பல மாணவர்கள் எண்களைப் பார்க்காமலேயே கடந்து சென்றார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். எழுத்துக் குறியீடுகளும் சிக்கலாகவே இருந்தபடியால் பின்வந்த பதிப்புகளில் வாய்பாட்டைச் சொற்களாலேயே எழுதிக் காட்டினர். பத்தாம் பதிப்பு 2020 இல் வெளிவந்தது. அதில் ‘சஜெஸ்ட்’ என்ற வினையைப் புரட்டினால், பொருளை அடுத்து ‘சஜெஸ்ட் தட்’ என்றும் ‘சஜெஸ்ட் டூயிங் சம்திங்’ என்றும் தடித்த எழுத்தில் இருக்கும். ஒயிட்டாவின் வகுப்பறையிலிருந்து தொடங்கிய அந்த இருபத்தைந்து வாய்பாடுகள் இப்போது எண் இல்லாமல் அங்கே நிற்கின்றன.